வென்றவனுக்கு அடைபடும் வாசல்

இங்கிலாந்தின் குதிரைப் பந்தய மைதானங்களில், பந்தயம் பிடிக்கும் புக்கிகள் வரிசையாக நின்று தொழில் செய்யும் இடத்துக்கு ‘ரிங்’ என்று பெயர். ஒரு சிறு பெட்டியின்மேல் ஏறி நின்று, தம் பெயர் எழுதிய தோல்பையை முன்னால் மாட்டி, பக்கத்தில் கரும்பலகையை நிறுத்தி, ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு நேரேயும் சாக்பீஸால் விலை எழுதி அவர்கள் வியாபாரம் செய்த காலத்தில், ஒன்றுக்கு ஐந்து என்று எழுதியிருந்தால், கூட்டத்திலிருந்து கை நீட்டியவர் பணத்தை வாங்கிப் பைக்குள் போட்டு, எண் அச்சிட்ட வண்ணச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, குமாஸ்தா பேரேட்டில் அதைக் குறித்துக்கொண்ட மறுநிமிஷமே, வந்த பணம் பெரும்பணமாக இருந்தால், புக்கி துணியை எடுத்து ஐந்தை அழித்து நான்கு என்று எழுதிவிடுவார். வெள்ளைக் கையுறை அணிந்த ஆட்கள் அந்த விலைமாற்றத்தைக் கைச்சாடையால் மறுகோடிக்குச் சொல்ல, சிறிது நேரத்துக்குள் வரிசை முழுவதும் விலை இறங்கிவிடும். விஷயம் தெரிந்த ஒருவர் வந்துபோனார் என்பதை அந்தத் தொழில் அறிந்துகொண்டதும், அவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டதும் இவ்விதமே. அந்தக் காலத்துப் புக்கிகள் எல்லோரும் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முகந்தெரிந்த கெட்டிக்காரர்களைத் தட்டிக்கழித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆயினும், பலகையில் எழுதிய விலையை நாலுபேர் கேட்கும்படி மறுப்பதற்கு ஒரு கூச்சம் வேண்டியிருந்தது.

இன்று அந்தக் கரும்பலகை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. லண்டனில் ஒருவர் சனிக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டே பிற்பகல் பந்தயத்தில் ஒரு குதிரைக்கு ஒன்றுக்கு ஐந்து என்ற விலையைப் பார்த்து, 50 பவுண்டு என்று தட்டி, பந்தயம் கட்டும் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் சிறு சக்கரம் ஒன்று சில விநாடிகள் சுழல்கிறது. பிறகு பதில் வருகிறது: அதிகபட்சம் 38 பென்ஸ். சென்ற மாதம் வரையில் அதே கம்பெனி அவரிடம் ஐம்பதும் நூறும் முகமலர்ந்து வாங்கிக்கொண்டிருந்தது. அவர் பிறர் பெயரில் கணக்குத் திறக்கவில்லை. ஓட்டக்காரனுக்கு லஞ்சம் கொடுக்கவில்லை. கொஞ்சம் ஜெயித்தார், அல்லது, இனி ஜெயிக்கக்கூடியவர் என்று கம்பெனியின் கணக்கு சொல்லிவிட்டது. அவர் பார்த்த அந்த ஐந்து என்ற விலையோ அழிக்கப்படவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு அதே விலையில், அதே நிமிஷத்தில், 500 பவுண்டு வரைக்கும் பந்தயம் கிடைக்கிறது. இந்தக் கதிக்கு ஆளானவர்கள் தொகை பெருகியதால், ‘கப்டு’ என்று ஒரு கொச்சைச் சொல்லே பிரிட்டிஷ் பந்தயக்காரர் பேச்சில் இதற்கென்று வழங்குகிறது.

பந்தயக் கம்பெனிகளுக்கு இந்த அதிகாரம் இருக்கலாமா என்பதே இன்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் சட்டசபைகளுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும் முன்னால் வந்து நிற்கும் கேள்வி. இருக்கலாகாது என்பது என் அபிப்பிராயம்.

சூதாடுகிறவனுடைய உரிமையைப்பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்கும் வாசகர் உண்டு. அவர் கேள்வியில் நியாயமும் உண்டு. சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் வரும் வெற்றியையும் மீன் விழுங்கிய தூண்டிலாகவே கண்டார். ஆனால் இரையைத் தின்றுவிட்டு முள்ளில் மாட்டாமல் தப்பும் மீன்களை ஒவ்வொன்றாகக் குளத்தைவிட்டு வெளியேற்றிவிட்டு, மாட்டும் மீன்களை மட்டும் வைத்துக்கொண்டு தூண்டில் போடுகிற ஏற்பாடு ஒன்றை அவர் காலம் அறிந்ததில்லை. இந்த விவகாரத்தில் நான் பரிந்து பேசுவது ஜெயிக்கிற சிலருக்காக மாத்திரம் அன்று, பெரும்பான்மையாகத் தோற்கிறவர்களுக்காகவே.

முதலில் தொழிலின் கணிதத்தைப் பார்க்கவேண்டும். சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன என்றால், எந்தப் பக்கம் கட்டுகிறவரிடமும் கம்பெனி 110 வாங்கிக்கொண்டு, ஜெயித்தால் 100 லாபம் தருவதாகச் சொல்லும். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கட்டினால் உள்ளே வருவது 220, வெளியே போவது 210. மிச்சம் 10, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய நாலரை, கம்பெனியுடையது. இந்தச் சுங்கத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் லாபம் காணவேண்டுமானால் நூறு முறையில் 52 முறை சரியாகச் சொன்னாலும் போதாது. 53 முறை சொல்லவேண்டும். அந்த ஒரு முறை வித்தியாசத்துக்காகப் பழைய பந்தய முடிவுகளையும், குதிரையின் எடையையும், தரையின் ஈரத்தையும் இரவு பகலாகப் படிக்கிற மனிதர்கள் எங்கும் சிறுபான்மையோரே.

அந்தச் சிறுபான்மையோரைக் கண்டுபிடிக்க, அவர்கள் ஜெயிக்கும்வரை கம்பெனி காத்திருப்பதில்லை. ஜெயமும் தோல்வியும் சில வாரங்களுக்கு வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்பது அதற்குத் தெரியும். அது பார்ப்பது வேறு: காலையில் ஒன்றுக்கு ஐந்து என்ற விலையில் நீங்கள் வாங்கிய குதிரை, ஓட்டம் தொடங்கும் நேரத்தில் ஒன்றுக்கு மூன்று என்று இறங்கியிருக்கிறதா? இருபது முப்பது தடவை இப்படியே நடந்திருக்கிறதா? ஆம் என்றால், அந்தக் குதிரைகள் எல்லாம் தோற்றிருந்தாலும், நீங்கள் விலை தெரிந்தவர் என்று முத்திரை விழுந்துவிடும். அதன்பின் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு பின்னம் எழுதப்படும். பிறருக்கு உள்ள உச்சவரம்பை அந்தப் பின்னத்தால் பெருக்கி வரும் தொகையே உங்களுக்கு அனுமதி. மிகச் சிறிய பின்னம் எழுதப்பட்டவருக்குத்தான் நாம் மேலே பார்த்த பென்ஸ் கணக்கில் பதில் வருகிறது. பெரும்பாலும் காரணம் சொல்லப்படுவதில்லை. வியாபார முடிவு என்ற ஒற்றை வரி வரும், மேல்முறையீடு கிடையாது.

கம்பெனிகளின் பக்கத்து வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் அவர்களுக்கு உறுதியான ஓர் ஆதாரம் இருக்கிறது. கடையில் விலை ஒட்டிய சாமானைப் பரப்பி வைத்திருப்பது விற்பதற்கு இசைந்ததாகாது. விலைபேச வாருங்கள் என்று அழைப்பதே ஆகும். வாங்குகிறவர் எடுத்துக்கொண்டு வந்து பணத்தை நீட்டும்போதுதான் அவர் ஒரு கோரிக்கை வைக்கிறார். அதை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் இஷ்டம் என்று 1953-ல் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் தீர்ப்பாயிற்று. 1845-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பந்தயக் கடனுக்காகக் கோர்ட்டுக்கே போகமுடியாமல் இருந்த நிலைமை, 2005-ல் நிறைவேறிய சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் அமலுக்கு வந்தபோது மாறி, பந்தயமும் மற்ற ஒப்பந்தங்களைப்போல் ஓர் ஒப்பந்தமாகிவிட்டது என்றாலும், கம்பெனி ஏற்றுக்கொண்ட பிறகுதானே ஒப்பந்தம்? ஏற்கமாட்டேன் என்கிறவனை எந்தச் சட்டத்தைக்கொண்டு கட்டாயப்படுத்துவது?

இன்ஷூரன்ஸ் கம்பெனி அபாயம் மிகுந்தவரை மறுக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். இன்னும் ஒன்று: ஒரே மனிதர் மனைவி பெயரிலும் நண்பர் பெயரிலும் கணக்குத் திறந்து அறிமுகச் சலுகைகளை அள்ளிக்கொண்டு போகிறார், மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒளிபரப்பு வந்துசேர ஆகும் சில விநாடித் தாமதத்துக்குள் முடிந்துபோன பாயிண்டுக்கே பந்தயம் கட்டுகிறார், இவர்களையும் வாங்கத்தான் வேண்டுமா என்கிறார்கள். வேண்டியதில்லை. மோசடி செய்கிறவர் கணக்கை மூடுவதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. சலுகையைப் பறிப்பதும் அவர்கள் பாத்தியதை. நம் கேள்வி எழுதிவைத்த விலையைப்பற்றியது. அபாயத்தை முன்கூட்டி விசாரித்து, ஆளுக்கேற்ற பிரீமியத்தை அவரவரிடம் சொல்லி வாங்குகிற இன்ஷூரன்ஸ் கம்பெனி, எல்லோருக்கும் ஒரே விலை என்று தெருவெல்லாம் விளம்பரம் செய்வதில்லை. கடைக்காரரும், அரிசியைப் புடைத்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு விற்கமாட்டேன், தெரியாதவளுக்கே விற்பேன் என்று சொல்வதில்லை. அப்படி ஒருவர் சொன்னால், அந்தக் கடை அரிசியைப்பற்றி நமக்கு என்ன எண்ணம் உண்டாகும்?

கெட்டிக்காரர்களையும் ஏற்கவேண்டுமென்றால் விலை எல்லோருக்கும் கொஞ்சம் மோசமாகும் என்பது அவர்களுடைய கடைசி வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பொழுதுபோக்குக்காகக் கட்டுகிற சாதாரண மனிதருக்கு ஒன்றுக்கு ஐந்தின் இடத்தில் நாலரை கிடைக்கலாம். ஆனால், தெரிந்து கேட்பவருக்குக் கொடுக்கமுடியாத ஐந்து, விலை என்ற பெயருக்கே தகுதியில்லாத விளம்பரம்தான். அது போய் உண்மையான நாலரை வருவது நஷ்டமாகாது. 1998-ல் தொடங்கிய பினக்கிள் என்ற கம்பெனி, ஜெயிக்கிறவர்களையும் வரவேற்கிறோம் என்று அறிவித்து, சுங்கத்தைக் குறைத்து, வரம்புகளை உயர்த்தி, கெட்டிக்காரர்களின் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே தராசாகக்கொண்டு தன் விலையைத் திருத்தித் தொழில் நடத்தி வந்திருக்கிறது. கரும்பலகைப் புக்கி துணியெடுத்து அழித்த அதே யுக்திதான் இது. ஆனால் இந்த வழியும் எல்லோருக்கும் நிலைப்பதில்லை. ஆடுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொள்ள, இடையில் தரகு மாத்திரம் வாங்குவதாக 2000-ல் பிறந்த பெட்ஃபேர் சந்தையில் யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. அப்படியிருந்தும் 2008-ல் அது ஓயாமல் ஜெயிக்கிறவர்களிடம் விசேஷக் கட்டணம் வாங்கத் தொடங்கி, 2011-ல் சிலருக்கு லாபத்தில் 60 சதம் வரைக்கும் அதை உயர்த்திற்று.

இந்த விவகாரத்தை ஒரு நீதிமன்றம் அடிமுதல் ஆராய்ந்தது, குதிரைப் பந்தயத்தில் அன்று, சீட்டாட்டத்தில். கென் உஸ்டன் என்ற அமெரிக்கர் பசிபிக் பங்குச்சந்தையில் உயர் பதவி வகித்தவர். பிளாக்ஜாக் ஆட்டத்தில் வெளிவந்துவிட்ட சீட்டுகளை மனத்தில் எண்ணிக்கொண்டே போனால், மிச்சமுள்ள சீட்டுகள் எப்போது ஆடுகிறவனுக்குச் சாதகம் என்று தெரியும் என்பதைக் கணித அறிஞர் எட்வர்ட் தார்ப் 1962-ல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டிருந்தார். அந்த வித்தையில் தேர்ந்து, உத்தியோகத்தை விட்டு, தாடியும் வேஷமும் மாற்றிக் காஸினோக்களுக்குப் போனவர் உஸ்டன். 1979-ல் அட்லாண்டிக் சிட்டியிலுள்ள ரிஸார்ட்ஸ் இண்டர்நேஷனல் காஸினோ அவரை இனி பிளாக்ஜாக் மேஜைக்கு வரக்கூடாது என்று விலக்கிற்று. அவர் கையில் கருவி இல்லை, சீட்டில் குறி இல்லை, கூட்டாளி டீலர் இல்லை. மேஜைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சீட்டுகளை எண்ணியதே அவர் செய்த காரியம்.

வழக்கு மூன்று ஆண்டு நடந்து, 1982-ல் நியூ ஜெர்ஸி மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இரண்டு. ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் அரசின் காஸினோ ஆணையத்துக்கு உரியது. விதிக்குள் நின்று நன்றாக ஆடுகிறவரை விலக்கும் விதியை ஆணையம் வகுக்காதபோது, காஸினோ தானாக வகுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, இதுவே என் மனத்தில் ஆழப் பதிந்தது: தன் லாபத்துக்காகப் பொதுமக்கள் எல்லோருக்கும் வாசலைத் திறந்து வைத்த சொத்துக்காரர், அப்படித் திறந்த பிறகு, நியாயமான காரணமில்லாமல் ஒருவரை வெளியே தள்ளும் உரிமையை இழந்துவிடுகிறார். அட்லாண்டிக் சிட்டிக் காஸினோக்கள் அதற்குப் பிறகு என்ன செய்தன? சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டின. முன்னைவிட அடிக்கடி கலைத்துப் போட்டன. எண்ணுகிறவரின் சாதகத்தைக் குறைத்தன. வாசல் திறந்தே இருந்தது, ஆட்டம் கடினமாயிற்று. உஸ்டன் 1987-ல் பாரிஸில் காலமானார். அந்தத் தீர்ப்பினால் திவாலான காஸினோ ஒன்றும் இல்லை.

நெவாடாவிலோ, லாஸ் வேகாஸ் காஸினோக்கள் இன்றும் எண்ணுகிறவரை வெளியேற்றலாம். ஒரே தேசத்தில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தர்மங்கள்.

நியூ ஜெர்ஸி நீதிபதிகள் காட்டிய வழியைப் பந்தயத்துக்குப் பொருத்திச் சட்டவிதியாகவே செய்தது ஆஸ்திரேலியா. அங்கே மைதானத்துப் புக்கிகளுக்கு, இத்தனை தொகை தோற்கும் அளவுக்காவது கேட்டவரிடம் பந்தயம் வாங்கியே தீரவேண்டும் என்ற விதி பழைய நாளிலிருந்தே உண்டு. வடபிரதேசத்தில் லைசென்ஸ் எடுத்து, இணையத்தின் வழியாகத் தேசமெங்கும் வியாபாரம் செய்த புதுக் கம்பெனிகள் அந்த விதிக்கு வெளியே நின்று ஜெயிக்கிறவர்களைக் கழித்துக்கட்டவே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் குதிரைப் பந்தய அமைப்பு, பீட்டர் விலாண்டிஸ் தலைமை நிர்வாகியாக இருந்தபோது, 2014 செப்டம்பர் முதல் ஒரு நிபந்தனை விதித்தது. எங்கள் மாநிலத்துப் பந்தயங்களின் குதிரைப் பட்டியலை உபயோகித்து நீங்கள் சம்பாதிக்க வேண்டுமானால், நகரப் பந்தயங்களில் 2,000 டாலர் வரைக்கும், மற்றப் பந்தயங்களில் 1,000 டாலர் வரைக்கும் தோற்கத் தயாராக இருந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் பந்தயம் ஏற்கவேண்டும் என்பது அந்த நிபந்தனை. நகரப் பந்தயத்தில் ஒன்றுக்கு ஐந்து என்று விலை காட்டினால், ஜெயிக்கிறவர், தோற்கிறவர் என்று பாராமல் 400 டாலர் வரை வாங்கியாகவேண்டும். வாங்கிய பிறகு விலையை மாற்றிக்கொள்ளலாம்.

இதன் அழகு இதன் அளவில் இருக்கிறது. கோடிக்கணக்கில் கட்ட வருகிற கூட்டாளிக் குழுக்களுக்கு இது அடைக்கலம் தரவில்லை. வருஷத்துக்கு 50 லட்சம் டாலருக்குக் குறைவாக வியாபாரம் செய்கிற சிறிய புக்கியை இது நசுக்கவில்லை. வீட்டிலிருந்து குதிரைகளைப் படிக்கிற தனிமனிதருக்கு, விலை என்று காட்டியதை விலையாகவே கொடு என்கிறது, அவ்வளவுதான். கம்பெனிகள் முணுமுணுத்தன, கடையை மூடவில்லை. விக்டோரியா மாநிலமும் 2016-ல் இதைப் பின்பற்றியது. கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் இந்த விதி நீளாதது இதன் குறை.

அமெரிக்காவில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கிய பிறகு, மாநிலம் மாநிலமாகப் பரவிய கம்பெனிகளில் முன்னணியான டிராஃப்ட்கிங்ஸின் தலைவர் ஜேசன் ராபின்ஸ், லாபத்துக்காக ஆடுகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டக்காரர்கள் அல்லர் என்று 2021-ல் முதலீட்டாளர்கள் முன்னால் வெளிப்படையாகவே சொன்னார். அவர் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை விளம்பரப் பலகையில் எழுதுவார்களா? மாஸசூஸெட்ஸ் மாநிலத்துச் சூதாட்ட ஆணையம் இந்தக் கட்டுப்பாடுகளைப்பற்றிப் பேச 2024 மே மாதம் கூட்டம் கூட்டியபோது பெரும்பாலான கம்பெனிகள் வரவே இல்லை. செப்டம்பரில் மறுபடி கூட்டியபோதுதான் வந்தன.

இனி, தோற்கிறவரிடம் வருவோம். முப்பது பந்தயத்துக்குள் ஒருவர் விலை தெரிந்தவர் என்று கண்டுபிடிக்கிற அதே கணக்குப்பொறி, மற்றொருவர் இரவு இரண்டு மணிக்குப் பணம் போடுகிறார், தோற்றதைப் பிடிக்க இரட்டித்துக் கட்டுகிறார், சம்பளத் தேதியில் வருகிறார், பத்தாம் தேதிக்குள் காலியாகிறார் என்பதையும் கண்டுபிடிக்கத்தானே செய்யும்? அவருக்கு 38 பென்ஸ் வரம்பு வருவதில்லை. இலவசப் பந்தயம் வருகிறது. கால்பந்து மாட்சுக்கு டிக்கெட் வருகிறது. பெயர் சொல்லி நலம் விசாரிக்க ஒரு தனி அலுவலர் நியமிக்கப்படுகிறார். பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையம் 2020-ல் இந்த ‘விஐபி’ உபசாரங்களுக்குக் கடுமையான விதிகள் வகுத்ததும், அதே ஆண்டு ஏப்ரலில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதைத் தடைசெய்ததும், அதற்கு முந்தின ஆண்டு பந்தயக்கடை யந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டாக இருந்த உச்சவரம்பு 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டதும், குடும்பங்கள் பல அழிந்த பிறகே. ஜெயிக்கிறவர் விஷயத்தில் அவ்வளவு கூர்மையான கண், தோற்கிறவர் விஷயத்தில் ஏன் இத்தனை காலம் மங்கியிருந்தது?

வென்றவனை விலக்கும் உரிமையைக் கொடுத்தால் தொழிலின் இயல்பே மாறிவிடுகிறது. எல்லோரையும் ஏற்கவேண்டிய புக்கி, விலையைச் சரியாகப் போடத் தெரிந்தவராக இருக்கவேண்டும். தப்பாகப் போட்டால் கெட்டிக்காரர்கள் அன்று மாலையே அவருக்குப் பாடம் கற்பித்துவிடுவார்கள். விலக்கும் உரிமை பெற்றவருக்கோ விலை எப்படியிருந்தாலும் கவலையில்லை. யார் தோற்பார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். முன்னது அபாயத்தை ஏற்று நடத்துகிற வியாபாரம். பின்னது ஆள்பிடிக்கிற வேலை.

நம் நாட்டுச் சட்ட சரித்திரத்திலும் இந்த வாதத்துக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-ல் இயற்றிய சட்டத்தின்மேல் எழுந்த டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ல், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டன்று, குதிரையின் வம்சத்தையும் தேகநிலையையும் ஜாக்கியின் சாமர்த்தியத்தையும் எடைபோடும் திறமைக்கே அதில் முதன்மை என்று தீர்மானித்தது. கிண்டியில் குதிரைகள் ஓடுவதற்கு அந்த ஒரு சொல்லே ஆதாரமாயிற்று. திறமை இருப்பதனால்தான் பந்தயம் சட்டத்துக்கு உட்பட்டது என்றால், திறமை இருப்பதனாலேயே ஒருவரை அந்தப் பந்தயத்திலிருந்து விலக்குவது, தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டுவதாகும்.

இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் தடைசெய்துவிட்டது. ஆகவே இந்தத் தொல்லை நம் வீட்டு வாசலில் இன்று இல்லை. ஆனால் லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற வாசகர்களுக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே படிக்கிற பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனில் வாழ்கிறவர், தம்மைப்பற்றிக் கம்பெனி வைத்திருக்கும் விவரங்கள் அனைத்தையும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம், கட்டணம் இல்லை. கேட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கில் வரம்பு ஒன்றும் விழாமல், வாரந்தோறும் இலவசப் பந்தயமும் வாழ்த்துச் செய்தியும் வந்துகொண்டிருக்குமானால், உங்களை எடைபோட்டுப் பார்த்த அந்தக் கம்பெனி நீங்கள் தோற்பீர்கள் என்று நிச்சயித்துவிட்டது. அன்றைக்கே அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.